மூன்று ஊர், ஒரு குழு: கிழக்கில் இளைஞர்களோடு வேலை தொடங்குவோருக்கு

2009 மே மாதம் போர் முடிந்தபோது பிறந்த பிள்ளை இன்று சாதாரண தரப் பரீட்சை வயதை எட்டிவிட்டது. அது ஷெல் சத்தம் கேட்டதில்லை, பங்கருக்குள் படுத்ததில்லை. ஆனால் பக்கத்து ஊர்க்காரர் தன் ஊருக்கு என்ன செய்தார்கள் என்பது அதற்கு நன்றாகத் தெரியும். எல்லாம் வீட்டில் கேட்டது. பக்கத்து ஊர்ப் பிள்ளைக்கும் அப்படித்தான், கதை மட்டும் வேறு. அக்கரைப்பற்றும் ஆலையடிவேம்பும் ஒட்டிக் கிடக்கின்றன. ஆனால் பிரதேச செயலகம் வேறு, பள்ளிக்கூடம் வேறு. முஸ்லிம் பாடசாலைகளின் தவணை விடுமுறைகூட வேறு. சிங்களப் பிள்ளைக்கு மொழியும் வேறாகிவிடுகிறது. 18 வயதுவரை ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடாமலே வளர்ந்துவிட இங்கே முடியும்.

இந்த இளைஞர்களைக் கொண்டு ஒரு தமிழ் ஊர், ஒரு முஸ்லிம் ஊர், ஒரு சிங்கள ஊர் சேர்ந்த குழுவை முதன்முறை அமைக்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். மேடை போட்டு, மூன்று மதத்தாரும் விளக்கேற்றி, மூன்று நடனம் ஆடிக் கலையும் ஒருநாள் ஒற்றுமை விழாவை விட்டுவிடுங்கள். வந்தவர்கள் வந்த பஸ்ஸிலேயே, வந்த ஆட்களோடேயே திரும்பிப் போவார்கள். ஒரே 24 பேர், ஆறு மாதம், 12 சந்திப்பு. இதற்குக் குறைந்தால் தொடங்க வேண்டாம்.

ஆள் சேர்க்க முன்

முதலில் கிராம உத்தியோகத்தர், பிறகு பிரதேச செயலாளர். அடுத்து கோயில் பரிபாலன சபை, பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபை, விகாராதிபதி. மூன்று ஊர்ப் பெரியவர்களையும் ஒரே வாரத்துக்குள் பார்த்து முடியுங்கள். ஒரு தரப்பு மற்றத் தரப்பின் வாயால் செய்தியைக் கேட்டுவிட்டால், “அவையளின்ர வேலை” என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும், பிறகு கழுவ முடியாது. கையில் ஒரு பக்கக் கடிதம் இருக்கட்டும், முன்பக்கம் தமிழ், பின்பக்கம் சிங்களம். யார் நடத்துவது, காசு எங்கிருந்து வருகிறது, எந்த நாள், எத்தனை மணி, பொறுப்பாளரின் தொலைபேசி இலக்கம். எல்லா இடத்திலும் இரண்டே கேள்விதான் வரும்: எந்த என்.ஜி.ஓ.? மதம் மாற்றவா? கோபப்படாமல் பதில் சொல்லுங்கள், இரண்டுக்கும் காரணம் இருக்கிறது.

பெரியவர்களிடம் சம்மதம் கேளுங்கள், போஷகர் பதவி கொடுக்காதீர்கள். போஷகர் ஆனவர் ஒவ்வொரு கூட்டத்திலும் 40 நிமிடம் பேசுவார்.

வடக்குக் கிழக்கில் இளைஞர் கூடினால் புலனாய்வுக்காரர் வந்து விசாரிப்பது வழக்கம். அதே கடிதத்தை அவரிடமும் கொடுங்கள். நீங்கள் வைத்திருக்கும் வரவு இடாப்பில் பெயரும் ஊரும் மட்டும் இருக்கட்டும். அடையாள அட்டை இலக்கம், குடும்ப விவரம், பிள்ளைகள் சொன்ன கதை எதையும் எழுதி வைக்காதீர்கள். இல்லாத தாளை யாரும் வாங்கிப்போக முடியாது. படை முகாமிலிருந்து இலவச மண்டபமோ பஸ்ஸோ தருகிறோம் என்றால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். சீருடை வாசலில் நின்றால் தமிழ்ப் பிள்ளைகள் பாதிப் பேர் அடுத்த முறை வரமாட்டார்கள், மீதிப் பேர் வாய் திறக்கமாட்டார்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் கட்டாயம்.

யாரை எடுப்பது

ஊருக்கு 8 பேர், அதில் 4 பெண்கள். 24 என்ற எண்ணுக்குக் காரணம் இருக்கிறது. அதை ஆறு ஆறு பேராக நான்கு சிறு குழுக்களாகப் பிரிக்கலாம், ஒவ்வொன்றிலும் ஊருக்கு இருவர் வருவார்கள். ஒரு சிறு குழுவுக்குள் ஒரு ஊரிலிருந்து ஒருவர் தனியாக அகப்பட்டால் அவர் ஒன்றில் ஊமையாவார், இல்லையென்றால் முழு இனத்துக்கும் பேச்சாளராவார். இருவர் இருந்தால் ஒருவர் மற்றவரை மறுத்துப் பேசவும் இடம் உண்டு. அந்த மறுப்புத்தான் மற்ற ஊர்க்காரருக்கு முதல் பாடம்.

வயது 16 முதல் 22 வரை போதும். 25 வயது அண்ணன்மார் வந்தால் 16 வயதுத் தங்கச்சி பேசாது. அதிபரும் கிராம உத்தியோகத்தரும் தரும் பட்டியலை முழுதாக ஏற்காதீர்கள். மாணவ தலைவர், பேச்சுப் போட்டியில் வென்றவர், சபைத் தலைவரின் மகன் என்றுதான் அது இருக்கும். மூன்றில் ஒரு பங்கை அதிலிருந்து எடுங்கள். இன்னொரு பங்கு விளையாட்டுக் கழகத்திலிருந்தும் ரியூசன் வாசலிலிருந்தும் வரட்டும். கடைசிப் பங்கு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு கராஜிலும் கடையிலும் நிற்பவர்கள். கலவரம் என்று வந்தால் சந்திக்கு முதலில் ஓடுகிறவர் பெரும்பாலும் இந்தக் கடைசிப் பங்குதான். இவர்களுக்கு ஞாயிறுதான் ஓய்வு, அதற்கேற்ப நேரம் வையுங்கள்.

முன்னாள் போராளிகளை “அனுபவம் பகிர” அழைக்க ஆசை வரும். அரசின் புனர்வாழ்வு நிலையங்கள் வழியாக வந்தவர்கள் சுமார் 12,000 பேர். பலர் இன்னும் கண்காணிப்புக்குப் பயந்துதான் வாழ்கிறார்கள். அவர்களைக் காட்சிப்பொருளாக்காதீர்கள்.

நாள் குறிப்பது தனி வேலை. வெள்ளி ஜும்ஆ. ஞாயிறு காலை அறநெறிப் பாடசாலை, பௌத்தரின் தஹம் பாசல, பூசை. சனி முழுக்க ரியூசன். மிஞ்சுவது ஞாயிறு பிற்பகல் 2 முதல் 5 வரை, அதற்குள் 3.30 அளவில் அஸர் தொழுகைக்கு 15 நிமிடம். நோன்பு மாதம், பெரும்போக அறுவடை நடக்கும் பெப்ரவரி–மார்ச், உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மூன்று மாதம் ஆகியவற்றை வெட்டிவிடுங்கள். மே 18 வாரத்திலும், மாவீரர் நாள் வரும் நவம்பர் 27 வாரத்திலும் சந்திப்பு வேண்டாம். மே மாதத்தில் ஒரு பக்கம் நினைவேந்தல், மறுபக்கம் படைவீரர் நாள் என்று வீடுகளே இரண்டாகி நிற்கும்.

முதலில் தனித்தனியே

புதியவர்கள் அவசரப்பட்டுக் கைவிடும் பகுதி இது. மூன்று ஊரையும் ஒன்றாக்க முன், ஒவ்வொரு ஊரிலும் தனியாக மூன்று சந்திப்பு வையுங்கள். 12இல் இவை சேராது. இரண்டாவது சந்திப்பில் ஆளுக்கு ஒரு துண்டுக் காகிதம் கொடுத்து, மற்ற இரு ஊர்களிடமும் கேட்க விரும்பும் கேள்வியைப் பெயர் போடாமல் எழுதச் சொல்லுங்கள். “நீங்கள் ஏன் எங்கட கடையில சாமான் வாங்கிறேல்ல?” என்றும் வரும், இங்கே அச்சிட முடியாத கேள்விகளும் வரும். எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். மூன்று ஊர்க் காகிதங்களையும் மேசையில் பரப்பினால், எந்த வதந்தி எங்கே குடியிருக்கிறது என்று உங்கள் கண்ணுக்கே தெரியும். பின்னால் எந்தக் கேள்வியை எப்போது எடுப்பது என்று திட்டமிட இதைவிட நல்ல கருவி இல்லை.

தனியாகக் கூடும்போதுதான் பிள்ளைகள் மனதில் உள்ளதைப் பேசுவார்கள். நேரே கலப்புக் கூட்டத்துக்குப் போனால் முதல் மூன்று சந்திப்பும் மரியாதையில் கழியும், நான்காவதில் வெடிக்கும்.

நடத்துநர் மூவர், சமூகத்துக்கு ஒருவர். அவர்களில் குறைந்தது ஒருவர் பெண்.

கலப்புச் சந்திப்பின் சின்ன விஷயங்கள்

குழு உடைவது பெரும்பாலும் சாப்பாட்டிலும் வானிலும் கழிப்பறையிலும்தான். கருத்து வேறுபாட்டால் உடைந்த குழு மிகக் குறைவு.

இறைச்சி என்றால் ஹலால் கோழி மட்டும். மாட்டிறைச்சி வேண்டாம். மரக்கறிச் சாப்பாடு வேறு சட்டியில், வேறு கரண்டியோடு இருக்கட்டும், அதைச் சொல்லியும் வையுங்கள். போயா நாளில் இறைச்சி கிடைக்காது என்பது கடைசி நேரத்தில்தான் ஞாபகம் வரும். சமைக்கும் பொறுப்பை ஊர் மாற்றிக் கொடுப்பது நல்லது, ஆனால் நான்காவது சந்திப்புக்குப் பிறகு. அதுவரை மூவரும் நம்பும் ஒரு கடையிலிருந்து ரோல்ஸும் பிளேன்டீயும் போதும்.

வான் மூன்று ஊருக்கும் ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டும். எப்போதும் கடைசியில் வரும் ஊர், வாசலில் எல்லோரும் பார்க்க உள்ளே நுழையும். அது பிள்ளைகளுக்குக் கூசும். பெண்பிள்ளைகள் இருட்ட முன் வீடு சேர வேண்டும், எனவே 5 மணிக்கு மேல் ஒரு நிமிடமும் கூடாது. ஒரு முறை பிந்தினால் அடுத்த முறை மூன்று பெண்கள் குறைவார்கள், காரணம் யாரும் சொல்லமாட்டார்கள். இடம் பார்க்கப் போகும்போது கழிப்பறைக் கதவுக்குக் கொழுக்கி இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்று முதலில் பாருங்கள். முன்பு முகாமாக இருந்த பள்ளிக்கூடம் வேண்டாம். கூட்டுறவுச் சங்க மண்டபம், பொது நூலக மண்டபம் நல்லது. ஐந்தாவது சந்திப்பிலிருந்து ஊர் ஊராக மாற்றுங்கள்.

மொழிபெயர்ப்புக்கு ஆளை முன்கூட்டிப் பிடியுங்கள். பங்கேற்கும் பிள்ளையிடம் அந்த வேலையைக் கொடுத்தால் அது தன் கருத்தைச் சொல்லும் வாய்ப்பை இழக்கும், சுடுசொல்லை மழுப்பியும் சொல்லும். இரண்டு வாக்கியத்துக்கு ஒரு முறை நிறுத்த வேண்டும் என்பது விதி. எல்லாமே இரு மடங்கு நேரம் எடுக்கும், எனவே மூன்று மணி நேரத்துக்கு ஒன்றரை மணி நேர வேலையை மட்டும் திட்டமிடுங்கள். தமிழும் முஸ்லிமும் தமிழில் சிரித்துப் பேசும்போது சிங்களப் பிள்ளைகள் எட்டுப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். நாட்டில் பெரும்பான்மை, இந்த அறையில் சிறுபான்மை. ஒரு சந்திப்பைத் தமிழிலும் அடுத்ததைச் சிங்களத்திலும் தொடங்குங்கள். மொழி தெரியாமல் உட்கார்ந்திருப்பது எப்படி என்பதை எல்லோரும் முறைவைத்து அனுபவிக்கட்டும்.

கூட்டு வேலை

முதல் நான்கு கலப்புச் சந்திப்பிலும் போர்ப் பேச்சை நீங்களாக எடுக்காதீர்கள். வேலை எடுங்கள். சமூக உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954இல் சொன்ன நான்கு நிபந்தனைகள் இன்றும் உதவும்: சம நிலை, பொது இலக்கு, கூட்டு உழைப்பு, அதிகாரத்தில் உள்ளோரின் ஆதரவு. நான்கில் ஒன்று இல்லையென்றாலும் பலன் குறையக்கூடும்.

வேலையைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும், ஆனால் வடிகட்டும் விதி உங்களுடையது. மூன்று ஊருக்கும் பயன் வேண்டும், எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும், காணி உரிமையைத் தொடக்கூடாது. கடைசி விதியில் இறுக்கமாக இருங்கள். மாதவனை–மயிலத்தமடு மேய்ச்சல் தரை, கல்முனை வடக்குப் பிரதேச செயலகம், தொல்லியல் எல்லைக்கல் போட்ட மேடு ஆகிய காணி, எல்லைத் தகராறுகள் 20 வயதுப் பிள்ளைகள் தீர்க்கும் விஷயங்கள் அல்ல. அங்கே ஒரு சிரமதானம் வைத்தாலும் யாருடைய சார்பு என்ற கேள்வி வந்துவிடும். பொதுச் சந்தி பஸ் தரிப்பிடம், டெங்குச் சிரமதானம், மூன்று ஊரும் போகும் வைத்தியசாலையின் காத்திருப்பு மண்டபத்துக்கு இருமொழிப் பலகை, இவை நல்ல தொடக்கம். இருமொழிப் பலகையில் கூடுதல் நன்மை ஒன்று உண்டு. எழுத்துப் பிழை பார்க்க ஒருவருக்கு மற்றவர் கட்டாயம் தேவை.

விளையாட்டு வைத்தால் ஊருக்கு ஒரு அணி வேண்டாம். கலப்பு அணியாகவே வையுங்கள், தலைவர் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறட்டும். பெண்களுக்கு வலைப்பந்து. ஈராக்கில் ஐ.எஸ். வன்முறையால் இடம்பெயர்ந்த கிறிஸ்தவர்களை முஸ்லிம்களோடு ஒரே கால்பந்து அணியில் ஆடவைத்து சல்மா மூஸா செய்த ஆய்வு 2020இல் வெளியானது. தன் அணியின் முஸ்லிம் நண்பனோடு உறவு நன்றாக வளர்ந்தது. ஆனால் அணிக்கு வெளியே, முன்பின் தெரியாத முஸ்லிம்கள் மீது அந்த மாற்றம் அவ்வளவாகப் பரவவில்லை. ஆகவே கிறிக்கெட் நட்பைத் தரும், அதை ஊருக்குள் கொண்டுபோவது தனி வேலை. ஆறாவது சந்திப்பிலிருந்து வீட்டுக்கு வீடு போய்ச் சாப்பிடும் வழக்கத்தைத் தொடங்குங்கள். தாய்மார் ஒரு முறை பரிமாறிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நினைவு நாட்காட்டி

எட்டாவது சந்திப்பில் இதைச் செய்யுங்கள். முன்னால் வேண்டாம், அறைக்குள் நம்பிக்கை இருக்காது. கடைசிக்கும் தள்ளாதீர்கள், கிளறியதை ஆற்ற நாள் இருக்காது.

சுவரின் குறுக்கே 6 மீற்றர் கயிறு கட்டி, ஜனவரி முதல் டிசம்பர் வரை மாதப் பெயர்களை இரு மொழியிலும் தொங்கவிடுங்கள். ஆளுக்கு மூன்று அட்டை. எல்லா அட்டையும் ஒரே நிறம், ஊருக்கு ஒரு நிறம் கொடுத்தால் சுவரில் புள்ளிக் கணக்கு தொடங்கிவிடும். அட்டையில் எழுத வேண்டியது ஒரு தேதியும், அன்று எங்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்பதும் மட்டும். யார் செய்தது என்பது அட்டையில் வேண்டாம். “அம்மா அன்று சமைக்கமாட்டா”, “வாப்பா பள்ளிக்குப் போய் பிந்தித்தான் வருவார்” என்ற அளவில் இருக்கட்டும்.

கயிறு நிறையும்போது தெரியவரும் விஷயம் பெரிது. 1987 ஜூன் 2 அரந்தலாவையில் பிக்குமார் கொல்லப்பட்ட நாள். 1990 ஆகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுடப்பட்ட நாள். 1990 செப்டெம்பர் 5 வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்தவர்கள் கொண்டுபோகப்பட்ட நாள், நான்கு நாள் கழித்து சத்துருக்கொண்டானில் ஊர்மக்கள் கொல்லப்பட்ட நாள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியது. ஒவ்வொன்றும் ஒரு ஊருக்கு மனப்பாடம், பக்கத்து ஊர்ப் பிள்ளைக்குப் பெரும்பாலும் முதல்முறைச் செய்தி. ஒரு மணி நேரம் மௌனமாகச் சுவரை வாசிக்க விடுங்கள். பிறகு கேள்விக்கு ஒரே வடிவம்தான் அனுமதி: “அந்த நாளைப் பற்றி உங்களுக்கு யார் சொன்னது?”

இங்கே தவறுகள் நடக்கும். யாராவது எண்ணிக்கையை ஒப்பிடத் தொடங்குவார். நிறுத்தி, தன் அட்டையை மீண்டும் வாசிக்கச் சொல்லுங்கள். “உங்கட ஆக்கள்தானே செய்தது” என்று வந்தால், செய்தவர்கள் யார் என்பதைப் பெயர் சொல்லிப் பேச விடுங்கள்: இயக்கம், படை, ஊர்காவல் படை. அறையில் இருக்கும் பிள்ளை அந்தப் பட்டியலில் இல்லை. டிசம்பர் 26இல் கடற்கரை ஊர்கள் எல்லாம் 2004 சுனாமி அட்டையைத் தொங்கவிடும். அதைக் கண்டதும், துக்கம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று முடித்துக்கொள்ள நடத்துநருக்கு வாய் துடிக்கும். செய்யாதீர்கள். கடல் செய்ததையும் ஆள் செய்ததையும் ஒன்றாகக் கட்டினால், ஆளால் இழந்தவர் ஏமாற்றப்பட்டதாகத்தான் நினைப்பார்.

காணாமல் ஆக்கப்பட்டவர் இருக்கும் வீட்டுப் பிள்ளை அழுதால் மேலும் கேட்காதீர்கள். கூடவே ஒருவர் வெளியே போய் உட்காரட்டும். அந்த மாலையே வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். தூக்கமும் சாப்பாடும் குழம்பினால் ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவு, அல்லது 1926 என்ற மனநல உதவித் தொலைபேசி இலக்கம். அட்டைகளைப் படம் பிடிக்கக்கூடாது, அன்றே அவரவர் கையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தடைசெய்யப்பட்ட இயக்கத்தின் சின்னம் சுவரில் ஏறினால் பயங்கரவாதத் தடைச் சட்டம் பிள்ளையின் தலையில் விழும், அதை முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

வதந்தி வந்த இரவு

2018 பெப்ரவரி கடைசியில் அம்பாறை நகரில், முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக் கறியில் மலட்டு மாத்திரை கலந்ததாக ஒரு கதை பரவியது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. கறியில் இருந்தது மாவுக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் பிறகு உறுதிசெய்தார். அதற்குள் கண்டிப் பக்கம் திகன, முஸ்லிம்களுக்கு எதிரான கலவரத்தில் எரிந்து முடிந்திருந்தது, அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் முடக்கியும் இருந்தது. உங்கள் குழு பயன்படப்போவது இப்படியான இரவில்தான், ஆகவே ஒழுங்கை முன்கூட்டியே செய்து பழக்குங்கள்.

ஊருக்கு இருவர், மொத்தம் ஆறு பேர். ஒருவர் ஆண், ஒருவர் பெண். செய்தி வந்தால் குழுவில் பகிராமல், சம்பந்தப்பட்ட ஊரின் இருவருக்கும் நேரே கோல் எடுக்க வேண்டும். மூன்று கேள்வி: கண்ணால் கண்டது யார்? எந்த இடம்? எத்தனை மணி? அரை மணி நேரத்துக்குள் பதில் வராவிட்டால் “இன்னும் தெரியவில்லை” என்றே ஊரில் சொல்ல வேண்டும். பொய் என்று உறுதியானால் மறுப்பை அந்தந்த ஊரின் மௌலவி, தேரர், கோயில் தலைவர் வாயால் வரச் செய்யுங்கள். வேற்றூர்ப் பிள்ளையின் மறுப்பை யாரும் நம்பமாட்டார்கள். உண்மை என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், ஒரு முறை மூடி மறைத்தால் அடுத்த முறை யாரும் கோல் எடுக்கமாட்டார்கள். ஆறு பேரும் இரவில் சந்திக்கு இறங்கக்கூடாது, பிள்ளைகளைக் கேடயமாக்க உங்களுக்கு உரிமை இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பொய்யான ஒரு செய்தியை வைத்து ஒத்திகை பாருங்கள். முதல் ஒத்திகையில் பாதி இலக்கங்கள் வேலை செய்யாது.

பலன் தெரிவது எப்படி

“நிகழ்ச்சி மிகவும் நன்றாக இருந்தது” என்ற படிவங்களை நன்கொடையாளருக்கு அனுப்புங்கள், நீங்கள் நம்பாதீர்கள். ஊர்வாரியாக, ஆண் பெண்வாரியாக வரவைப் பாருங்கள். ஒரு ஊரின் பெண்கள் நால்வரில் இருவராகக் குறைந்த அன்றே வீட்டுக்குப் போங்கள். ஆறாம் மாதத்தில் மூன்று விஷயம் கேளுங்கள்: நீங்கள் ஒழுங்கு செய்யாமல் எத்தனை பேர் மற்ற ஊருக்குப் போனார்கள், யார் யாருடைய கலியாணத்துக்கோ செத்தவீட்டுக்கோ போனார்கள், வீட்டில் மற்ற ஊரைப் பற்றிப் பேச்சு வந்தபோது யார் குறுக்கிட்டார்கள். மல்கோத்ரா, லியனகே என்ற ஆய்வாளர்கள் இலங்கையில் நான்கு நாள் சமாதான முகாமுக்குப் போன இளைஞர்களை ஓராண்டு கழித்துப் பார்த்து 2005இல் எழுதினார்கள். போகாதவர்களைவிட அவர்களிடம் மற்றச் சமூகத்தின் மீது பரிவு கூடுதலாக இருந்தது, அச்சமூகத்து ஏழைப் பிள்ளைகளுக்குக் கூடுதலாகப் பணமும் கொடுத்தார்கள். நான்கு நாள் சேர்ந்து தங்கியதற்கே அவ்வளவு. வீடுகள் சம்மதித்தால், ஆண், பெண் தங்குமிடம் வேறாக, இரண்டு இரவாவது சேர்ந்து தங்கும் முகாம் ஒன்றைப் பத்தாவது சந்திப்பாக வையுங்கள்.

அடுத்த ஆண்டுக் குழுவுக்கு உதவியாளராக முதல் குழுவிலிருந்து ஊருக்கு இருவரை எடுங்கள். ஊருக்கு ஒருவர் என்று கணக்கு வைத்தால் போதாது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இந்த வயதுப் பிள்ளைகள் கட்டாருக்கும் துபாய்க்கும் கொரியாவுக்கும் கடவுச்சீட்டோடு காத்திருக்கிறார்கள், இருவரில் ஒருவர் பாதியில் விமானம் ஏறிவிடுவார். போனவரை வட்ஸ்அப் குழுவிலிருந்து எடுத்துவிடாதீர்கள். ஆனால் வதந்தி பார்க்கும் ஆறு பேர் பட்டியலில் அவர் இடத்துக்கு ஊரில் இருக்கும் ஒருவரை அந்த வாரமே போடுங்கள்.